ரேக் அறைக் கதவில் ஏழாண்டு இருந்த தாள்

ஒளியிழையை உயிரிழையாய் ஓம்பியவர், ஒழுங்கை உடன்பிறப்பாய்க் கொண்டவர், மதுரை மண்ணின் மங்காத மாண்பு, எங்கள் தொலைத்தொடர்பு நிலையத்தின் முதுநிலைத் தொழில்நுட்பர் திருமதி சூடாமணி அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உளம் கனிந்து உவந்தளிக்கும் மடல்!

சபையோரே, ஓய்வு பெறுபவரை எதிரில் நிறுத்தித் ‘தாங்கள்’ என்று விளிப்பதே மடலின் வழக்கம். அம்மையார் அதற்கு ஒப்பவில்லை. “என்னைய நிக்க வச்சு தாங்கள் தாங்கள்னு படிச்சீங்கன்னா நான் பஸ் ஏறிப் போயிருவேன்” என்று நேற்றே எச்சரித்துவிட்டார். சொன்னால் செய்பவர். ஆகவே அவரைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தே படிக்கிறோம்.

முப்பத்தாறு ஆண்டுப் பணியில் அவர் முகம் சுளித்ததே இல்லை என்று எழுதத்தான் ஆசை. சுளித்தார். ஒரு கேபிள் பெயர்ச்சீட்டு இல்லாமல் தொங்கினால் சுளித்தார். கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் உச்சியில் கனத்த கருவியை ஏற்றினால் சுளித்தார். காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளியில் டிபன் கேரியரை வைத்தவரை அவர் பார்த்த பார்வையில், அந்த மனிதருக்கு அன்று சோறே இறங்கவில்லை.

2001-இல் கொட்டாம்பட்டிக்கு முதல் ஒளியிழைத் தடம் போட்டு முடித்தோம். விஜயதசமி காலை பத்தரைக்குத் திறப்பு விழா. முந்தின நாள் ஆயுத பூஜை. எந்திரத்துக்குச் சந்தனம் வைக்காமல் எந்த மதுரைக்காரருக்கு மனசு கேட்கும்? அம்மையாரோ ரேக் அறை வாசலில் குறுக்கே நின்றார். “பூஜைய வாசலோட வச்சுக்கங்க. உள்ள விபூதி, சாம்பிராணி எதுவும் வேணாம்” என்றார். கிருத்திகை தவறாமல் திருப்பரங்குன்றம் போய்வருகிறவர் சொன்ன சொல் இது.

எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமி காரியத்தைத் தடுக்கும் இவரை அந்த அறையைவிட்டு மாற்றுக என்று மனு எழுதி, பதினொரு பேர் கையெழுத்திட்டோம். விழா நேரத்தில் வம்பு எதற்கு என்று நினைத்த கோட்டப் பொறியாளர் ஜெயராம், அவரை ஆரப்பாளையம் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினார். அந்த அறையின் முதல் ரேக்கை முடுக்கி நிறுத்தியவர், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பூஜை ஜாம்ஜாமென்று நடந்தது. நண்பர் நல்லகாமன் பக்தி மேலிட்டு, கொட்டாம்பட்டித் தடத்தின் இழை முனைகளைக் காக்கும் கனெக்டர் மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் விபூதி இட்டு, மறுபடி பத்திரமாக மூடினார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் கொட்டாம்பட்டியில் பந்தல், மைக், ஊர் திரண்ட கூட்டம். மதுரையில் இணைப்பைக் கொடுத்தால், அங்கே கருவியில் பச்சை விளக்கு எரியவில்லை. மின்சாரத்தைச் சோதித்தோம். கருவியின் மின்னணு அட்டைகளை மாற்றினோம். எல்லாம் சரியாக இருந்தது. ஒளி மட்டும் போய்ச் சேரவில்லை. மணி ஒன்பதே முக்கால் ஆனபோது ஜெயராம் தாமே ஆரப்பாளையத்துக்குப் பேசினார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மையார் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இணைப்பை அணைக்கச் சொல்லி, ஒரு கனெக்டரைக் கழற்றி, இழையின் முனையைச் சிறு பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு நல்லகாமனிடம், “நீயும் பாரு” என்றார். தலைமுடியினும் மெல்லிய கண்ணாடி வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு விபூதித் துகள் பாறாங்கல் போல உட்கார்ந்திருந்தது.

“அக்கா, நாந்தேன்...”

“பேசாம அந்தத் துடைக்கிற தாள எடு.”

முனை முனையாக ஸ்பிரிட்டில் துடைத்தார், பார்த்தார், மாட்டினார். பத்து இருபத்தைந்துக்குக் கொட்டாம்பட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தத் தடத்திலேயே வந்த முதல் அழைப்பில், ஊரே கைதட்டும் சத்தம் கேட்டது. எங்கள் நிலையம் வென்றது!

“என்ன கோளாறும்மா?” என்று ஜெயராம் கேட்டார். அம்மையார் ஒரு சொல் சொன்னால் எங்கள் பதினொரு பேர் வேலைக்கும் உலை.

“தூசிங்க சார். சரியாப் போச்சு. சாவியக் குடுத்தீங்கன்னா அறையப் பூட்டிட்டு வாரேன்.”

சாவி கைக்கு வந்தது. கூடவே எங்கள் மனுவையும் ஜெயராம் கொடுத்தார். அம்மையார் அதைக் கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பட்டை எழுத்தில் எழுதினார்: கனமானது கீழே. இரு முனைக்கும் பெயர்ச்சீட்டு. காபி டம்ளர் வாயைவிடச் சின்னதாக இழையை வளைக்காதே. மூடியை வீணாகத் திறக்காதே. பூஜை வாசலில். அதை அறைக் கதவில் ஒட்டினார். புதிதாக வந்தவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது, கதவைத் திறக்கும்போதெல்லாம் எங்களுக்கு மட்டும் தெரியும். ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த ஐந்து வரிகளை நம்பி, ஒற்றை ரேக் நின்ற அறையில் இன்று பதினான்கு நிற்கின்றன.

அம்மையாரே, இப்போது ஒரே ஒருமுறை உங்களைப் பார்க்கிறோம், பஸ் ஏறிவிடாதீர்கள். அன்று எங்களைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றியை இத்தனை நாள் சொல்ல வாய் வரவில்லை. நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைந்து நீங்கள் வாழ வேண்டும். உங்கள் வரிகளைக் கதவிலேயே பெயிண்டில் எழுதிவிட்டோம். இன்று காலை பிரித்தெடுத்த அந்தத் தாளின் மனுப் பக்கம், இந்த மடலுக்கு முதுகாக ஒரே சட்டத்துக்குள் இருக்கும். ஓய்வுபெற்ற பாண்டியம்மாளும் இதற்கென்றே வந்து, மனுவில் இருந்த அதே ஏழாவது இடத்தில் இந்த மடலிலும் கையெழுத்திட்டிருக்கிறார். திருப்பிப் பாருங்கள், கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே பதினொரு பேர், அதே வரிசையில்,
நல்லகாமன் முதலாக.

மதுரை
31.10.2008