மை இல்லாத விரல்

"மை இல்லாத விரல வெளிய நீட்டாதய்யா!"

எதிர் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் தன் வீட்டுக்காரரைத்தான் அதட்டினார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் எங்கள் ஷேர் ஆட்டோ, தோண்டிப்போட்ட ரோட்டில் நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்காரர் கையை வெளியே நீட்டிப் பள்ளத்தைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

"பள்ளத்த காட்றதுக்கு மை இன்னாத்துக்கும்மே?"

"ஓட்டு போட்டவங்க கேக்கட்டும். நீ அன்னிக்கு ஊட்ல குப்புற படுத்துகினு கெடந்த." அந்தம்மா தன் விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். நகத்தில் பாதிக் கறுப்பு இன்னும் இருந்தது. "மூணு வாட்டி கூப்ட்டேன், வந்தியா?"

"வேணும்னுதான் வரல."

"அதான் ஏன்னு கேக்குறேன்?"

"வந்திருந்தா உன் ஆளுக்கு எதிராத்தான் அமுக்கியிருப்பேன். முட்டி வலியோட வெயில்ல நின்னு நீ போட்ட ஓட்ட, பின்னாலயே வந்து நான் அழிக்கணுமா?"

அந்தம்மா வெளியே பார்த்தார்.

"இப்ப உன் ஆளுதான் ஜெயிச்சாரு. பள்ளம் அப்டியே கீது. நான் திட்டக்கூடாதா?"

ஆட்டோ குலுங்கிக் கிளம்பியது. வெளியே நீட்டியிருந்த அவர் கையை அந்தம்மா உள்ளே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா திட்டு. ஆனா அடுத்த வாட்டி நீயும் வா. என் ஓட்டு அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது. தனியா நிக்க முடியல."

"ஆம்பளைங்க கியூ வேறம்மே."

"பக்கத்து கியூதானே? பாத்துகினாவது நிப்பேன்."