பசையில்லாப் பலகை

காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் ஆலையில் காலையில் வடித்ததையே மாலைவரை சுடவைத்துக் குடிப்போம். நாக்குக்கு அதுவே பழகிவிட்டது.

கெர்த்துவைப் பற்றித்தானே கேட்டீர்கள்? நல்லவள். மரநாரை அழுத்திப் பலகை செய்யும் நார்ப்பலகை ஆலையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். என் மனைவி ஹெல்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, முதுகைத் தாங்கி உட்காரவைத்து மீன் சூப் ஊட்டியது அவள்தான். ஹெல்கா அதே ஆலையில் அழுத்து எந்திரத்தில் வேலை பார்த்தாள். சூடான பலகையிலிருந்து கிளம்பும் பசை நெடி அவள் மூக்கையும் தொண்டையையும் அரித்துத் தின்றது. பசைதான் காரணம் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு உறுதியாகத் தெரியும்.

அவளைப் புதைத்த பிறகுதான், பசையில்லாமல் பலகை செய்ய நொதி ஆராய்ச்சியில் இறங்கினேன். பட்ட மரத்தில் முளைக்கும் காளானிலிருந்து எடுப்பது. மரநாரிலேயே இயற்கையாக ஒரு பிசின் உண்டு. நொதி அதை உசுப்பிவிடும். பிறகு சூட்டில் அழுத்தினால் நாரும் நாரும் தாமாகவே கட்டிக்கொள்ளும். பசை வேண்டாம். வருடக்கணக்கில் கைக்குள்ளேயே பொடிந்துகொண்டிருந்த பலகை, போன குளிர்காலத்தில் கெர்த்து ஏறிக் குதித்தும் உடையவில்லை.

"ஹெல்கா பாத்திருந்தா உன்னத் தூக்கிச் சுத்தியிருப்பா," என்றாள். "நானும் தூக்குவேன். உன் தொப்பதான் இடிக்குது."

வசந்தத்தில் அவளுக்கு இருமல் வந்தது. நொதிப் பொடியைக் கொட்டிக் கலக்குவது அவள் வேலை. பிறகு மூச்சிரைப்பு. ஒரு சனிக்கிழமை, எங்கள் சவுனாக் குளியலறையில் நீராவி தாங்காமல் எழுந்துபோய் ஏரிக்கரையில் குந்திக்கொண்டாள். நானும் போனேன்.

"அந்தப் பொடிதான்டா, அவுலிஸ். இன்னும் ரெண்டு பேருக்கு இழுக்குது. திங்கக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. சொல்லப்போறேன்."

"சொன்னா நிறுத்திடுவாங்க. மறுபடியும் பசைக்கே போயிடுவாங்க."

"நிறுத்தட்டுமே. பொடியக் கரைசலா மாத்து, மூடி வச்சுக் கலக்கு, அப்புறம் ஆரம்பி. மூச்சு முட்டிச் சாகறதக் கூட இருந்து பாத்தவன்டா நீ."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும்; ஆலைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம், ஏற்கெனவே கெட்டுப்போன ஒருத்தியின் நுரையீரல். மறுபக்கம், இனிப் பலகை அழுத்தப்போகும் அத்தனை பேருடைய நுரையீரல். எந்தப் பக்கம் கனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நொதி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் நாரையும் நொதியையும் கலக்கும் கூழ்த்தொட்டிக்குள் எப்போதும் காற்று ஊதிக்கொண்டிருப்போம். ஞாயிறு ஆலை ஓடாது. மதியம் போனேன். கூழை முழங்காலளவுக்கு வடித்தேன். கலக்கியின் இறக்கையில் நாரைச் சுற்றிச் சிக்கவைத்தேன். உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுப்பது எப்போதும் கெர்த்துதான். நொதியை வழக்கத்தைவிடத் தாராளமாக விட்டுக் காற்றூதியை நிறுத்தினேன். மூடியை இறுக்கினேன். உள்ளே இருந்த ஆக்சிஜனை நொதியே குடித்துவிடும். மிஞ்சும் காற்று மூச்சுக்கு உதவாது; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மறுநாள் காலை, மூடியைத் திறந்து ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "காத்து சோதிச்சியா?"

"சோதிச்சாச்சு," என்றேன்.

ஆக்சிஜன் அளவுமானி என் சட்டைப்பையில் அணைந்து கிடந்தது. அவள் அதைக் காட்டு என்று கேட்கவில்லை. என்னை நம்பினாள்.

இறங்கினாள். கத்தவில்லை. களைத்துப்போய் உட்காருகிறவள் மாதிரி ஏணியடியில் சரிந்தாள். காற்றூதியின் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. பார்த்துவிட்டு ஓடிவந்த ஆலைத் தொழிலாளி ஆர்வோ உள்ளே குதிக்கப் பார்த்தான். அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது நான். அவன் உயிரோடிருப்பது என்னால். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொட்டிக் கூழை முழுக்கக் கொட்டிவிட்டார்களாம். பாவம், நல்ல நார்.

கெர்த்துவைக் கொன்றது நான். திட்டமிட்டுத்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் பலகையால் இதுவரை ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. அதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.