நாலாம் நம்பர் கதவு

அதைத்தான் சார் நானும் கேக்கறேன். மூணாம் நம்பர் மெஷின் தொறந்துடுச்சு, அஞ்சு தொறந்துடுச்சு, நடுவுல இருக்கற நாலுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? துவைச்சு முடிச்சாச்சு, தண்ணியும் வடிஞ்சாச்சு, கதவு மட்டும் தொறக்க மாட்டேங்குது. உங்க யூனிஃபார்ம் கண்ணாடி வழியா நம்மளையே பாத்துட்டு இருக்கு பாருங்க. அடுத்த ரயிலை நீங்கதான் ஓட்டணுமா... இந்த ரெயின்கோட்டோட போனா எஞ்சின்ல ஏற விடமாட்டாங்களா? சரி சரி, உக்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், ஆடும்.

எல்லாம் அந்த மெக்கானிக் அண்ணன் பண்ற வேலை சார். சாவியில்லாத இந்தப் புதுப் பூட்டை மாட்டினது அவருதான். காலையிலேயே ஃபோன்ல கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். "இப்ப வர முடியாதும்மா"ங்கறாரு. ஏன்னு கேட்டா வாயே தொறக்கல, அவரு மாட்டின பூட்டு மாதிரியே. இந்தச் சலவைக் கடை எங்கக்காவோடது. நான் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவ. அக்கா பாவம், ஒவ்வொரு மெஷினுக்கும் சாவிய எடுத்துட்டு அலைவா. நான்தான், "விடுக்கா, ஒரே பட்டன்ல எட்டு மெஷினும் தொறக்கற மாதிரி எழுதித் தரேன்"னு சொன்னேன். இன்னிக்குதான் மொத நாள். அவ என்னை நம்பி பல்லு பிடுங்கிக்கப் போயிருக்கா.

என் புரோகிராம்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது சார். வாஷிங்மெஷின்னு ஒரு கிளாஸ். பள்ளிக்கூட கிளாஸ் இல்ல, அச்சுன்னு வச்சுக்கோங்க. அந்த அச்சுலேர்ந்து எட்டு மெஷின் பொறக்குது. எது பொறந்தாலும் மொத வேலையா பொது லிஸ்ட்ல தன் பேரைச் சேத்துக்கும். அப்பதானே யார் யார் இருக்காங்கன்னு தெரியும்? பட்டனை அமுக்கினா, லூப்னு ஒரு சுத்து, லிஸ்ட்ல மொத இடம், ரெண்டாவது இடம்னு வரிசையா போகும். ஒவ்வொண்ணுகிட்டயும், "முடிஞ்சுதா? கதவைத் தொற"ங்கும். தொறந்த மெஷின் லிஸ்ட்லேர்ந்து தன் பேரை எடுத்துடும். வேலை முடிஞ்சவங்களுக்கு அங்க என்ன வேலை?

புரியலையா? உங்க ஸ்டேஷன் டிக்கெட் வரிசையவே எடுத்துக்கோங்களேன். எட்டு பேர் நிக்கறாங்க. நான் மொத இடத்துக்குப் போய், அங்க இருக்கறவரை அனுப்பிடறேன். அவரு போனதும் எல்லாரும் ஒரு அடி முன்னால நகர்றாங்க. ரெண்டாவது ஆள் இப்ப மொத இடத்துக்கு வந்துட்டாரு. நான் அடுத்து ரெண்டாவது இடத்துக்குப் போறேன். அங்க நிக்கறது... மூணாவது ஆள்.

அப்ப ரெண்டாவது ஆளை யாரு கேட்டா?

இருங்க சார். இருங்க, இருங்க... அவரை யாருமே கேக்கல. நாலாவது ஆளையும் கேக்கல. ஒருத்தரை விட்டு ஒருத்தர்! அட கஷ்டமே... பூட்டுமேல தப்பே இல்ல சார். லூப் நடந்துட்டு இருக்கும்போதே லிஸ்ட்டைக் கலைச்சுவிட்டது நான்தான். லிஸ்ட்டை ஒரு நகல் எடுத்து வச்சுட்டு அதுல நடந்திருக்கணும். வெக்கமா இருக்கு, சிரிப்பும் வருது. நீங்க சிரிக்காதீங்க.

அதை அப்புறம் திருத்திக்கறேன், ரயில் நிக்காது. "ஒரு முறை மட்டும் அமுக்கவும்"னு பெருமையா ஒட்டி வச்சேனே, அந்தக் காகிதத்தை மொதல்ல கிழிக்கறேன். மிச்சம் இருக்கறது ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. அமுக்கறேன்... ரெண்டு தொறந்துச்சு. ஆறு தொறந்துச்சு. மொறைக்காதீங்க சார், கணக்கு சரியாத்தான் போகுது. இப்ப நாலும் எட்டும்தான் பாக்கி, நாலுதான் மொத இடம். மறுபடி... பாத்தீங்களா! எடுத்துக்கோங்க. கொஞ்சம் ஈரம்தான், போற வழியில... சார்? கால்சட்டையாவது மாட்டிட்டு... ஓடிட்டாரு மனுஷன்.

சரி, பட்ட கடனைத் தீத்துடுவோம்... ஹலோ, மெக்கானிக் அண்ணே? வச்சிடாதீங்கண்ணே, இப்ப திட்டறதுக்குக் கூப்பிடல. பூட்டு தங்கமா இருக்கு, தப்பு பூரா என்னுது. காலையில பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுக்கோங்க. இல்லண்ணே, நாலு தொறந்துடுச்சு. எட்டு மட்டும்தான் பாக்கி. ஏன், எட்டுல என்ன?... உங்க துணியா? வேலைக்குப் போடற ரெண்டு செட்டும் அதுலதானா?... ஐயோ அண்ணே, அதான் வர முடியலையா? வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுலயே இருங்க. தொறந்து நானே கொண்டு வரேன்.