லூர்தம்மாவுக்குக் கதிரை இல்லை

ஜெர்மனியில் இரவு ஒரு மணி. விடாத பனி. ரயில் நிலையத்துக்கு வரும் வீதியில் ஒரு கார்கூட இல்லை... ரயில்கள் எல்லாம் வழியிலேயே நின்றுவிட்டன. எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். நீங்கள் எல்லோரும் அங்கே ரயில் மாறியிருப்பீர்கள். கேட்டால் இனி மாற மாட்டீர்கள்.

இது என் சிநேகிதன் லக்ஸனின் பெரியம்மா மகனுக்கு நடந்தது. பெயர் ஜெசிந்தன், மன்னார்ப் பெடியன். முதலாம் வகுப்புக்காரர் இருக்கும் லவுஞ்ச் வாசலில் டிக்கெட் பார்க்கிற வேலை. கழுத்தில் டை, சட்டையில் பெயர் அட்டை. அதைப் போட்டதும் ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிடும். தமிழ் ஆட்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கு அவன்மேல் இரக்கம் இல்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு லவுஞ்சில் ஒருவரும் இல்லை. அத்தனை கதிரைகளும் சும்மா கிடந்தன. நல்ல சூடு. காப்பி மெஷின் மட்டும் உர்ர்ர்... என்றது.

கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் சித்தாலேபத் தைல மணம் வந்தது. பிறகுதான் அந்த அம்மா வந்தார். பெரிய கறுப்புக் கோட்டு, அதற்குக் கீழே நனைந்த சேலை. கையில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்.

"தம்பி, வெளியில இருக்க ஏலாமக் கிடக்கு. நெஞ்சு நோகுது. கொஞ்ச நேரம் இதில இருந்திட்டுப் போறன்."

ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்கியது. இவரை விட்டால் நாளைக்குத் தமிழ்ச்சனம் முழுக்க வந்து நிற்கும் என்று நினைத்தான். ஜெர்மனில் சொன்னான்: "இஷ் வெர்ஷ்டேயே ஸீ நிஷ்ட்." நீங்கள் சொல்வது விளங்கவில்லையாம்.

அவர் பெயர் அட்டையைப் பார்த்தார். "ஜெசிந்தன்... உண்மையாவே உனக்கு விளங்கேல்லையோ?"

கதவுப் பக்கம் கையை நீட்டினான், சண்டாளன்.

வெளியே இருந்த வாங்கில், கண்ணாடியைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார். விடிய, நிலையம் கூட்ட வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். விறைத்துப் போயிருந்தார். கண் மூடவில்லை. பெயர் லூர்தம்மா என்பதே பொலிஸ் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்னாரில் இருக்கும் தாய்க்குப் போன் எடுத்தான். தாயின் குரல்தான். ஆனால்... ஒரு சொல்கூட விளங்கவில்லை. தகரத்தில் மழை விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஜெர்மன்தான் வந்தது.

வுப்பர்டாலில் அவனும் லக்ஸனும் ஒரே வீடு. லக்ஸன் பேசினாலும் அதே இரைச்சல். நடந்ததையெல்லாம் ஜெர்மனிலேயே சொல்லி அழுதான். டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு டொக்டரிடம் போனார்கள். உங்கள் ஜெர்மன் நன்றாகத்தானே இருக்கிறது என்று டொக்டர் சிரித்தார்.

வைகாசியில் தாய் படுக்கையில் விழுந்தார். மகன் ஒருதரம் "அம்மா" என்று கூப்பிட்டால் போதும் என்று போனில் கெஞ்சினார். லக்ஸன்தான் அதை ஜெர்மனில் சொன்னான். ஜெசிந்தனுக்கு அந்த ஒரு சொல்லும் வரவில்லை. போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு ஒருநாள் இரவு... போன் அடித்தது. லக்ஸன் எடுத்தான். அறைக்குள் சித்தாலேப மணத்தது. பெரியம்மாவின் பக்கத்து வீட்டுப் பற்றிமா அக்கா பேசினார்.

"தம்பி, பெரியம்மா போயிட்டா. கவலைப்படாதேங்கோ, தனியச் சாகேல்லை. ஜெர்மனியில மகனைத் தெரியுமெண்டு ஒரு அம்மா வந்து பக்கத்தில இருந்தவ. இந்த வெக்கைக்குள்ள கோட்டுப் போட்டுக்கொண்டு... நாங்கள் உடனே கதிரை போட்டுக் குடுத்தம். பாவம், கை ஐஸா இருந்தது. போகேக்க ஜெசிந்தன்ர அட்ரஸைக் கேட்டவ. சொல்லி விட்டிருக்கிறம்."

ஜெசிந்தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். என்னவாம் என்று ஜெர்மனில் கேட்டான்.

தாய் இறந்ததை லக்ஸன் சொன்னான். மற்றதைச் சொல்லவில்லை. கைக்கு அகப்பட்ட உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு, அந்த நேரமே லக்ஸன் மட்டும் வீட்டைவிட்டு இறங்கினான்.

படியில் ஒரு அம்மா மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். லக்ஸன் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான்.