பிந்திய விமானமும் வாகீசனுக்கு வந்த கடிதமும்

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் அருட்செல்வன் அவர்களே, இணுவில் மண்ணின் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே தமிழ் கேட்கும் தம்பிமாரே, உங்கள் அனைவருக்கும் இந்த வான்காரனின் பணிவான வணக்கம்!

பதினெட்டு வருடமாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிறேன். கண்ணீரை ஏற்றிப் போனேன். களிப்பை ஏற்றி வந்தேன். ஆனால், விமானக் கம்பனி ஒன்று ஒரு சாதாரண மனிதனிடம் மன்னிப்புக் கேட்கும் என்று நான் கனவிலும் கண்டதில்லை. கேட்டது, அன்பர்களே! எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் கேட்டது! அந்த அதிசயத்தைச் சொல்லவே இந்த ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

சீவரத்தினம் அண்ணையின் மகள் அருந்ததிக்குப் போன ஆவணியில் கல்யாணம். அவளுக்கு ஒரே தமையன் வாகீசன், பாரிஸில் வேலை. எங்கள் முறைப்படி மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பவன் யார்? பெண்ணின் சகோதரன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பவன் யார்? அவனே. அதற்கு மாப்பிள்ளையிடம் மோதிரம் பெறுபவனும் அவனே. அந்த இடம் வெறுமையானால் கல்யாண வீட்டின் நெஞ்சே வெறுமையாகிவிடும்.

வாகீசனோ, வருகிறேன் என்று இரண்டு முறை சொல்லி இரண்டு முறையும் வராதவன். இந்த முறை வருவான் என்று தாய் பத்மாசினி மட்டும் நம்பினாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை கட்டுநாயக்காவில் நின்றோம். ஒருவனை ஏற்றப் பதினான்கு பேர்! வருகிறவன் வானுக்குள் எங்கே இருப்பான் என்று எவரும் யோசிக்கவில்லை. பிளேன் நேரத்துக்கு இறங்கியது. ஊரார் பெட்டி வந்தது, ஊரார் பிள்ளைகள் வந்தார்கள், வாகீசன் வரவில்லை. அப்போதுதான் பாரிஸிலிருந்து போன் வந்தது.

"அம்மா, நடுவழியிலை மாறி ஏறவேண்டிய இடத்துக்குப் போற முதல் பிளேனையே நிப்பாட்டிப்போட்டாங்கள். கல்யாண வீட்டுக்கு உந்தச் செய்தியைச் சொல்லக்கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன். வேறை பிளேன் தருவாங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பாருங்கள் அந்தப் பிழையை! மங்கலம் நடக்கும் வீட்டுக்கு அபசகுனம் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டினான். கட்டிய வாயே அவனைப் பொய்யனாக்கிவிட்டது. திரும்பும் வழியில் வானுக்குள் ஒரு குரல் எழுந்தது: "உவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டே இருக்கமாட்டான். இனிப் பழியெல்லாம் பிளேனிலை." எல்லோரும் சிரித்தார்கள். பத்மாசினி மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழனாக ஒன்றுவிட்ட தம்பி கோகுலன் நின்றான். மோதிரம் அவன் விரலுக்குப் போனது. மறுநாள் பின்னேரம், வாசலில் வாழை மரங்களை அவிழ்க்கிற நேரத்தில் வாகீசன் வந்து இறங்கினான். தமையனுக்கு வர மனமில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் கதைத்தார்கள். அருந்ததி முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாளே திரும்பிப் போனான். அதன்பின் அவள் அவனுடைய போனை எடுக்கவில்லை.

உண்மையைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு கசங்கிய கடதாசி! மாப்பிள்ளைக்குக் கொண்டுவந்த வாசனைத் தைலப் போத்தலை, விமானத்தை நிறுத்தியபோது பாரிஸ் விமான நிலையத்தில் கையில் கொடுத்த ஒரு கடதாசியில் சுற்றியிருந்தான். அருந்ததி அதை விரித்தாள், வாசித்தாள், வியந்தாள். விமானம் இரத்தானால் பயணிக்குச் சாப்பாடு தரவேண்டும், தங்க இடம் தரவேண்டும், வேறு பயணம் தரவேண்டும். குற்றம் கம்பனியுடையதென்றால் இத்தனை தூரப் பயணத்துக்கு அறுநூறு யூரோ வரை நட்டஈடும் தரவேண்டும்!

பின்னால் என்ன சத்தம்? எங்கள் பலாலி விமான நிலையத்தில் ஏறினாலும் தருவார்களோ என்று லாபிர் நானா கேட்கிறார். நானா, நான் சொல்வது ஐரோப்பாவில் புறப்படும் பயணத்தின் சட்டம். நாட்டுக்கு நாடு விதி வேறு. ரிக்கெற்றை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்; நாங்கள் அதில் இருக்கை இலக்கத்தை மட்டும்தானே வாசிக்கிறோம்!

அருந்ததி கம்பனிக்கு எழுதினாள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் சீவரத்தினம் அண்ணை வானில் போன பதினான்கு பேரையும் சேர்க்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றது வேறு கதை. கம்பனி பதில் போட்டது: கைமீறிய காரணமாம். புயலா? இல்லை. பனியா? இல்லை. என்ன காரணம் என்று திரும்பக் கேட்டாள். மாதங்கள் ஓடின, மடல்கள் ஓடின, அவள் மட்டும் ஓயவில்லை. கடைசியில் வந்தது கடிதம்: பணியாளர் போதாமல் விமானத்தை நிறுத்தினோம், பொறுப்பு எங்களுடையது, வாகீசன் அவர்களே, வருந்துகிறோம்.

அன்றைக்கே அருந்ததி தமையனுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, நீ சொன்னது உண்மை. நான்தான் நம்பேல்லை."

அவன் சொன்னான்: "ஓம் பிள்ளை. சாப்பிட்டனியே?"

என் இனிய மக்களே! நாங்கள் காத்திராத இடம் உண்டா? கப்பலுக்குக் காத்திருந்தோம், ஊரைவிட்டு வெளியே போகப் பாஸுக்குக் காத்திருந்தோம், சோதனைச் சாவடியில் வெயிலில் காத்திருந்தோம், விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தோம். உங்கள் நேரத்தை எடுத்துவிட்டோம் என்று எவராவது ஒருவர் எழுதித் தந்தாரா? எங்கோ ஒரு தேசத்தில், காத்திருந்தவனின் பொழுதுக்கும் பெறுமதி உண்டு என்று ஒரு சட்டம் எழுதினார்களே! எழுதியவர்கள் எங்களை அறியமாட்டார்கள், இணுவிலை அறியமாட்டார்கள். ஆனாலும் அது அருந்ததியின் கைக்கு வந்து, ஒரு தமையனைத் தங்கைக்குத் திருப்பித் தந்ததே! நினைக்க நினைக்க மெய் சிலிர்க்கிறது. கேளுங்கள், மக்களே, கேளுங்கள்! கடதாசியைக் கசக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்!

இன்றைக்கு வாகீசன் மூன்றாம் வரிசையில், தாய்க்குப் பக்கத்தில் இருக்கிறான். தம்பி, கொஞ்சம் எழும்பு. அன்றைக்கு வானுக்குள் எழுந்த குரல் யாருடையது என்று உனக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது என்னுடைய குரல். புயலுமில்லை, பனியுமில்லை, கைமீறிய காரணம் ஒன்றுமில்லை. பொறுப்பு என்னுடையது. பெரிய கம்பனியே எழுதித் தந்தபிறகு, நான் இத்தனை பேருக்கு முன்னால் வாயால் சொல்லாவிட்டால் நான் என்ன மனிதன்? மன்னித்துக்கொள், ராசா.

பொறுமையோடு கேட்ட தாய்மாருக்கும், இன்னும் மணி அடிக்காத தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.