புகார் வராத சரக்கு

சட்டப் பிரிவுகளைச் சற்று மூடி வைக்கிறேன்... ஒரு சின்னக் கதை சொல்ல அனுமதியுங்கள். வேதியியல் படித்தவர்கள் நிறைந்த சபை இது, உங்களுக்குத்தான் உறைக்கும்.

ஓர் இரசாயன ஆலை. பேனா மையில் சேர்க்கும் ஒரு திரவம் அங்கே தயாராகிறது. அதையே வேறொன்றோடு சேர்த்தால்... மனிதத் தோலைக் கொப்பளிக்க வைக்கும் நஞ்சு. ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்புமுன், 'மைக்கு மட்டுமே' என்று வாங்குபவர் எழுதித் தர வேண்டும். அதை ஏற்று ஆலையின் தரப் பரிசோதகர் கையெழுத்திட வேண்டும். அவர் பெயர் திலகவதி.

புதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு லாரி சரக்குப் போயிற்று. படிவம் முறையாக இருந்தது; கையெழுத்திட்டார். மூன்றாவது லாரி வாசலில் நிற்கிறது. ஏற்றுமதி மேலாளர் ஞானசேகரன் படிவத்தை நீட்டுகிறார்.

"ஒரு கையெழுத்து மேடம். வண்டி கிளம்பட்டும்."

"சார், போன தடவை சரக்கு லேசா மஞ்சளிச்சிருந்துச்சே... புகார் வரலையா?"

"வரலையே. தங்கமான பார்ட்டி. நம்ம உள்ளூர் மைக்காரங்க மாதிரியா, நிறம் கொஞ்சம் மாறினா டிரம்மையே திருப்பி அனுப்புறதுக்கு?"

அவர் சிரித்தார். திலகவதி சிரிக்கவில்லை.

"முதல்ல சாம்பிள்கூடக் கேட்கலையே சார்."

"வராத புகாரை நீங்க ஏன் மேடம் தேடுறீங்க?"

"நிறத்தைப் பத்திக் கவலையே இல்லாதவன்... இதை வாங்கி என்ன சார் செய்யறான்?"

படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பியது. லாரி போகவில்லை. திலகவதி அன்றே அரசுக்கு எழுதினார். ஆனால்... ஏற்கெனவே போன இரண்டு? அவற்றுக்குச் சான்று சொன்னது யார் கையெழுத்து?

அவை ஆயுதமாயின என்று நான் சொல்லவில்லை, ஆதாரம் இல்லை. ஆகவில்லை என்பதற்கும்... ஆதாரம் இல்லை. என்னைத் திடுக்கிட வைப்பது அதுதான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். இரசாயன ஆயுதங்களைத் தடை செய்யும் உலக நாடுகளின் ஒப்பந்தத்துக்குப் படிவம் எழுதத் தெரிந்தவர்கள் என்னைப் போன்ற வழக்கறிஞர்கள். கட்டங்கள் நிரம்பியிருந்தால் எங்களுக்குத் திருப்தி. மை செய்பவன் எதற்குச் சண்டை போடுவான் என்று எங்களுக்குத் தெரியுமா? தெரியாது. சண்டை போடாதவனைக் கண்டு பயப்படத் தெரியுமா? அதுவும் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களே... முதல் லாரியிலேயே கேளுங்கள்.