ரசீதா டீச்சர் காலைதோறும் அடித்த வரி

மேடையில் இருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் ரசீதா டீச்சரின் கணவர் இர்ஷாத் பாய் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே! "இந்த இனிய மாலைப் பொழுதில்" என்று வாய் தவறி ஆரம்பித்துவிட்டேன். தலைமையாசிரியை அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மன்னிக்கணும். இரங்கல் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆண்டு விழாவுக்கு மட்டுமே மைக் பிடித்துப் பழகிய வாய் இது.

நான் நம்ம சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நான் விடவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று சொல்லித் திரும்ப உள்ளே வந்துவிட்டேன். என் மகள் முத்துமாரி இங்கே பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் பாதிதான். ஆனால் லேப்பில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் மட்டும் எழுத்து பெரிசாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் அவளாகவே படிப்பாள், அவளாகவே அடிப்பாள். நாங்கள் என்ன நினைத்தோம்? அந்த மிஷினே அப்படி என்று நினைத்தோம்! அந்த மிஷினைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த ரசீதா டீச்சரைப் பார்த்துப் போட்டேனா?

டீச்சர் ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலி ஆசுபத்திரியில் படுத்திருந்தபோது எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, லேப்ல போய் முத்துமாரி மிஷின் முன்னாடி உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

"டீச்சர், நீங்க ஆசுபத்திரியில இருக்கீங்க. இதெல்லாம் வந்து பாத்துக்கிடலாம்லா?"

"இன்னிக்கு அவளுக்கு லேப் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது. திரும்ப அடித்தேன். இல்லை என்றது. மூட்டை தூக்குகிற பலத்தை எல்லாம் விரலுக்குக் கொண்டுவந்து அடித்தேன். இல்லை!

"அண்ணாச்சி, எல்லாம் பெரிய எழுத்துலயா அடிக்கீங்க?"

"கீபோர்டுல அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு? அதான் கேப்ஸ் லாக்கை அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் இர்ஷாத் பாய் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "சிரிக்காதம்மா, தையல் வலிக்கும்!"

சின்ன எழுத்தில் அடித்ததும் திரையின் அளவுகள் வரிசையாக வந்தன. இப்போது எந்த அளவில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பிறகு அந்த வார்த்தைக்கு அடுத்ததாக மிச்ச வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்கள். நடுநடுவே இரண்டிரண்டு கோடு. முடித்துத் தட்டினேன், திரை இருண்டது. உயிரே போய்விட்டது எனக்கு. மறு நொடி எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி வந்து நின்றது.

"இதை ஏன் டீச்சர் இப்போ போட வேண்டி வந்துச்சு?"

"தினமும் போடணும் அண்ணாச்சி. லேப் மிஷினை அணைச்சா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லருந்து ஆரம்பிக்கும். மணி அடிக்கதுக்கு முன்னால வந்து நான் அடிச்சு வைப்பேன்."

தினமும்! கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தது இதற்குத்தானா? யாரிடமாவது சொன்னார்களா? பிள்ளையிடமாவது சொன்னார்களா? "வந்து இத நிரந்தரமா பண்ணிருதேன்" என்று சொல்லித்தான் போனை வைத்தார்கள். வரவில்லை. செய்திதான் வந்தது.

இப்போது நட்சத்திரம் பழைய இடத்துக்கே போய்விட்டது. முத்துமாரி மூக்கு உரசுகிற அளவுக்குத் திரையில் சாய்கிறாள். செய்முறைத் தேர்வு வருகிறது. "ஏட்டி, பக்கத்துல ஒரு ஆள் வச்சு எழுதலாமாம்லா?" என்றேன். "டீச்சர் என்னையவே திரையப் பாத்து அடிக்கத்தான்ப்பா சொன்னாங்க" என்கிறாள். செட்டிங்ஸில் மாற்றலாமே என்பீர்கள். திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. புகார் கொடுத்திருக்கிறது, வருவார்களாம். ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டேன். "இது வேற சிஸ்டம் வே, எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

திரும்பத் திரும்ப அடித்ததால் அந்த முதல் வார்த்தை மட்டும் எனக்கு மனப்பாடம். அளவு எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிகிறது. மாற்றத் தெரியவில்லை. இந்தச் சபையில் யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் கை தூக்குங்கள்... ஒரு கையும் இல்லை. வெட்கப்படாதீர்கள், பேசுகிறவனுக்கும் தெரியாது!

பாதி தெரிந்தவன் என்ன உறுதி எடுக்க முடியும்? இதைத்தான் எடுக்கிறேன். தெரிந்த ஓர் ஆள் கிடைக்கும்வரை தேடுவேன். அதுவரை தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன் அந்த ஜன்னலோரம் நான் போய் உட்காருவேன். ரசீதா டீச்சர் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்காது.

கடையநல்லூரில் டீச்சரை அடக்கம் செய்ய மையத்தைத் தூக்கிப் போகும்போது இர்ஷாத் பாய் எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார். தெருவெல்லாம் கலிமா சொல்லிக்கொண்டு வந்தது. என் வாய்க்கும் டீச்சருக்கும் நடுவே ஒரு பலகைதான். அந்த நேரத்தில், பாவி, ஒன்றே ஒன்று என் தொண்டைவரைக்கும் வந்தது.

'டீச்சர், அந்த வார்த்தைக்கு அடுத்து என்ன?'